நின்னுதா, நிறுத்துனியா?

காஞ்சிபுரத்தில் பொய் சொல்லத் தெரியாத காது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் தெருவில் தறிகளைப் பழுது பார்க்கும் ஒரு மனிதரின் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் காதுகளோடு பிறக்கிறார்கள். அந்தக் காதோ தன் வசதிக்காக ஒரு மனிதரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது என்பதே என் கருத்து. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். அதை யாரும் தேடியதில்லை. தெருவுக்கு அவர் 'காது'. "காது சாப்பிட்டாச்சா?", "காதுக்கு ஜுரமாம்", "காது நேத்து ராணிப்பேட்டை போயிட்டு வந்துச்சு" என்றெல்லாம் பேச்சு நடக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் சற்றுக் கலவரப்படுவது வழக்கம்.

அவருடைய இடது காது முற்றிலும் செவிடு. ஆகவே அவர் தெருவில் நடக்கும் முறை ஒரு சட்டம்போல் நிலைபெற்றிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கேயிருந்து மேற்காக நடப்பார். அப்போது வடக்கு வரிசை வீடுகள் வலக்காதுக்கு வரும். கோடியிலுள்ள பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டு திரும்புவார். இப்போது தெற்கு வரிசையின் முறை. செருப்பு இரண்டும் கையில் இருக்கும். காலில் இருந்தால் அதன் சத்தம் தறிச் சத்தத்தோடு கலந்துவிடுமாம். மேற்கே போகும்போது தெற்கு வரிசைக்காரர் யாராவது வழிமறித்து அவசரம் என்றாலும் பயனில்லை. "வரும்போது கேக்கறேன்பா. இப்போ உன் வூடே எனக்கு இல்ல" என்று போய்விடுவார்.

நின்றுபோன தறியைப் பார்க்க அழைத்தால், கருவிப் பையைக் கீழே வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "நின்னுதா, நிறுத்துனியா?" தறி தானாக நின்றிருந்தால் கோளாறு மரத்திலோ இரும்பிலோ இருக்கிறது, நெய்பவர் நிறுத்தியிருந்தால் கோளாறு வேறிடத்தில் என்பது அவருடைய நூல். பதில் சொல்வதற்குள் அவரே சுவரில் காதை வைத்து, நின்றுபோன தறியில் என்னத்தைக் கேட்பாரோ, கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அத்தீர்ப்பு ஒருமுறையும் தவறியதாக நான் அறியேன். தவறாததனாலேயே தெருவில் பாதிப்பேர் அவரோடு பேசுவதை விட்டிருந்தார்கள்.

சுவரில் வலக்காதை வைக்கும்போது, இடக்கைச் சுட்டுவிரலால் செவிட்டுக் காதை இறுக அடைத்துக்கொள்வார். கேட்காத காதை எதற்காக அடைக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். தர்க்கப் பிழையைக் கண்டால் பேசாமலிருக்க முடியாத தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் நான்.

"இது கேக்காதுன்னு யார் சார் சொன்னாங்க?" என்றார். "நம்ம சத்தம் கேக்காது. அவ்ளோதான். அதான் மூடிக்கினு இருக்கேன்."

நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்குள் வந்து மின்விசிறியைப் போட்ட பிறகுதான் உறைத்தது.

எங்கள் தெருவில் தறியில்லாத வீடு எங்களுடையது ஒன்றே. நான் கல்லூரியில் யாப்பிலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் மனைவி திலகவதி பள்ளியில் கணக்குக் கற்பித்து ஓய்வுபெற்றவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வுபெற்ற பின் நான் எதிர்பார்த்தபடியே முன்னறையில் பழைய உரைநூல்களோடு அமர்ந்தேன். அவள் நான் சற்றும் எதிர்பாராதவாறு, பின்னறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, தெருப் பெண்களின் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தபடி, கொரியப் பாட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

அறுபத்தொரு வயதில் ஒரு பெண்மணிக்குக் கே-பாப் எவ்வாறு பற்றியது என்பதை நான் ஆராய்ந்ததில்லை. அடுத்த வீட்டு யமுனாவிடமிருந்து தொற்றியது என்பது மட்டும் தெரியும். யமுனா பி.காம். படித்தவள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டு வீட்டுத் தறியில் உட்கார்ந்தவள். கம்பெனி பஸ்ஸில் கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டுகளை அவள் திலகவதிக்குக் கொடுத்தாள். ஒருநாள் பின்னறையிலிருந்து அந்த ஓசை பலமாக வரவே, நான் எழுந்து போய், நிலைப்படியில் நின்று ஒரு வாக்கியம் சொன்னேன்: "இது இசையன்று, உற்பத்தி."

திலகவதி மறுக்கவில்லை. அந்தப் பாடகர்களைச் சிறு வயதிலேயே கொண்டுபோய் விடுதியில் வைத்துப் பழக்குகிறார்களாம், யாரையும் காதலிக்கக்கூடாது என்று சிலருக்கு ஒப்பந்தமே உண்டாம் என்று மட்டும் சொன்னாள். "பாவம், அதுங்களும் ஷிப்டு பசங்கதான்" என்றாள். மறுநாள் அவள் காதுகளில் இயர்போன் இருந்தது. வீட்டில் அமைதி திரும்பியது. அதை நானே கேட்டு வாங்கினேன்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான் காது எங்கள் வெளிச்சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

"உங்க வூட்டுத் தறில மிதிகட்டை தேஞ்சிருக்குது சார்."

இங்கே தறி கிடையாது என்றேன்.

"இல்லன்னா எப்படி? ஓடிக்கினு இருக்குதே."

உள்ளே அழைத்துப் போய்த் தையல் இயந்திரத்தைக் காட்டினேன். திலகவதி எங்களைக் கவனிக்கவில்லை. காதில் பாட்டு, காலில் மிதி. அவர் அவளுடைய பாதத்தையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "டீச்சரம்மா, இது அந்த ஒன்பது பேரு பாட்டுதானே?" என்றார். அவள் இயர்போனைக் கழற்றினாள். ஆமாம் என்றாள். என்னோடு வாழ்ந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவள் முகத்தில் அத்தகைய வியப்பை நான் ஒருநாளும் வரவழைத்ததில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் தறியில் அமரும் இளையவர்கள் அனைவரும் காதில் பாட்டோடுதான் அமர்கிறார்கள். பாட்டின் கதி காலுக்கு இறங்கி, மிதியில் விழுந்து, ஊடுநூலைச் சுமந்தோடும் நாடாவை எறியும் கைக்குப் போய்விடுகிறது. காது சுவருக்கு வெளியே நின்றுகொண்டே, உள்ளே ஓடும் பாட்டு எது என்று சொல்லிவிடுவார். பெயர் தெரியாது, மொழி தெரியாது, கொரியா எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. யமுனா தன் கைபேசியில் காட்டிய படங்களைக் கொண்டு அவர் ஆட்களின் எண்ணிக்கையால் இனம் பிரித்து வைத்திருந்தார்: ஒன்பது பேரு பாட்டு, அஞ்சு பொண்ணுங்க பாட்டு, மூணு பேரு போய் ரெண்டு பேரு ஆனவங்க பாட்டு.

கே-பாப் பற்றி அவருக்கு உறுதியான கருத்தும் இருந்தது. "இது பாட்டு இல்ல சார், ஜக்கார்டு" என்பார். ஓட்டையிட்ட அட்டைகளைக் கொண்டு புடவையில் பூ விழச் செய்யும் தறிப்பொறி அது. "ஒன்பது பேரும் ஒரே அட்டைல ஓடறானுங்க. ஒரு ஓட்டை தப்பினா பூவே மாறிப்போயிடும். அதான் பசங்களுக்குப் புடிக்குது. நம்ம பாட்டுல ஒருத்தர் முன்னாடி போவாரு, மத்தவன் பின்னாடி ஓடுவான்." நான் 'உற்பத்தி' என்று இகழ்ந்ததையும் அவர் 'ஜக்கார்டு' என்று புகழ்ந்ததையும் ஒப்பிட்டால் பொருள் ஒன்றுதான். ஆனால் என் சொல்லில் கதவு சாத்தியிருந்தது.

இளைஞர்களின் வேலையைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. தெற்கு வரிசையில் ஓர் இளைஞனுக்குக் கம்பெனியில் வேலை. வார விடுமுறையில் மட்டும் தகப்பனாரின் தறியில் உட்காருவான். ஒரு ஞாயிறு காது அந்தச் சுவரில் நெடுநேரம் நின்றுவிட்டு, அவன் தாயாரைக் கூப்பிட்டு, "கை இங்க இருக்குதும்மா. காலு இன்னும் கம்பெனிலயே நின்னுக்கினு இருக்குது. பெல்ட்டு வந்து நின்னு போற மாதிரியே நிறுத்தி நிறுத்தி மிதிக்கிறான்" என்றார். அந்த அம்மாள் உள்ளே ஓடிப்போய்ப் பையனின் கால்களைத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சில்லென்று இருந்தன என்று தெருவெல்லாம் சொன்னார். தறிக்குழிக்குள் இருக்கும் கால் சில்லென்றுதான் இருக்கும் என்று நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, மறுநாள் பையனின் கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினார்.

யமுனா வேலையை விட்டபோது, படித்த பெண் இப்படிச் செய்யலாமா, தேர்வெழுதி அரசு வேலைக்குப் போகலாகாதா என்று நான் அவளிடம் முறையாக ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். காது ஒரே கேள்விதான் கேட்டார்: "வேலை நின்னுதாமா, நிறுத்துனியா?" நானாகத்தான் நிறுத்தினேன் என்றாள் அவள். "அப்ப சரி" என்று போய்விட்டார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் சொற்பொழிவு முழுவதும் கரைந்தது.

டேட்டிங் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கு ஒவ்வாமைதான். இத்தனைக்கும் முப்பத்திரண்டு ஆண்டுகள் களவொழுக்கத்தை வகுப்பறையில் பாடமாக நடத்தி, அதற்கு மதிப்பெண்ணும் போட்டவன் நான். தெருவில் நடந்தபோது மட்டும் முகம் சுளித்தேன். காதுக்கு அந்த இரட்டை வேடம் இல்லை. வெவ்வேறு வீட்டில் இரண்டு தறிகள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டை அடித்தால் அங்கே பிரியம் இருக்கிறது. அரைத்தட்டு விலகினால் சண்டை. ஒன்று நின்று மற்றது வேகமெடுத்தால் பிரிந்துவிட்டார்கள். இதை அவர் வானிலை அறிக்கைபோல் வெளியிடுவார். இளசுகள் முதலில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கப் பார்த்தார்கள். பிறகு புத்திசாலித்தனமாக, அவன் கானா, அவள் கொரியா என்று வேறு வேறு பாட்டுக் கேட்டார்கள். "பாட்டு வேற. மூச்சு வுடற இடம் ஒண்ணு" என்று அதையும் பிடித்தார்.

தெற்கு வரிசையில் ஒரு நிச்சயதார்த்தம். வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்திருக்கிறார்கள். பெண் நன்றாக நெய்வாளா என்று யாரோ உபசாரமாகக் கேட்க, வாசலில் நின்ற காது, "நல்லாத்தான் நெய்வா. ஒரு வாரமா மட்டும் தறி அழுதுக்கினு இருக்குது" என்றார். தட்டு மாற்றவில்லை. பெண்ணின் சித்தப்பா இரண்டு மாதம் காதைத் தன் சுவரருகே விடவில்லை. அந்தப் பெண் இப்போது எங்கள் வரிசைக் கடைசி வீட்டில் மருமகளாக இருக்கிறாள். அவளுடைய தறி அழுததாகப் பிறகு செய்தி இல்லை.

இனி என் பெயர் கெட்ட கதை. ஒருநாள் மாலை யமுனாவின் தகப்பனார் ஏகாம்பரம் எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன்; மறுத்தார்.

"சார், உங்க வூட்ல வேற யாராச்சும் தங்கிக்கினு இருக்காங்களா?"

இல்லை என்றேன்.

"அண்ணன் புள்ள, தங்கச்சி புள்ள, காலேஜ்ல படிச்ச பையன், யாராச்சும்?"

நாங்கள் இருவர் மட்டுமே என்றேன். அவர் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. கண்புரைக்கு ஒரு கண்ணில் சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தேன்.

"அப்ப நீங்கதானா சார்?" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

நடந்தது என்னவென்றால், இரண்டு மாதங்களாக யமுனாவின் தறியும் எங்கள் வீட்டுத் 'தறி'யும் மூன்று மணிக்கு ஒரே பாட்டை, ஒரு தட்டும் பிசகாமல் அடிப்பதாகவும், தெருவில் இத்தனை ஆழமான பிரியத்தைத் தாம் கேட்டதில்லை என்றும் காது டீக்கடையில் அறிவித்திருந்தார். உள்ளேயிருந்து திலகவதி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அவள் வெளியே வந்து, "ஏகாம்பரம், உன் பொண்ணு மூணு மணிக்கு என்கூடத்தாம்பா சுத்துறா" என்றாள். வெவ்வேறு வீட்டிலிருந்து இருவர் ஒரே பாட்டை ஒரே நொடியில் சேர்ந்து கேட்கும் வசதி கைபேசியில் இருக்கிறதாம். இரண்டு மாதங்களாக அவர்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் இருந்தது ஒரு செங்கல் சுவர். முன்னறையில் இருந்தவன் நான்.

அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி ஏகாம்பரம் காதை அழைத்து வந்தார். காது இணங்கவில்லை. "நான் யார் பேரையும் சொல்லலயேபா. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல பிரியம் இருக்குதுன்னேன். இருக்குதா, இல்லையா?" என்றார். இருக்கிறது என்று திலகவதி ஒப்புக்கொண்டாள். வழக்கு முடிந்தது. ஏகாம்பரம் மட்டும் சில நாட்கள் என்னைக் கண்டால் கூசிக்கொண்டு போனார்.

சென்ற ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் திலகவதி இறந்தாள். யமுனா அன்று தோழியின் திருமணத்துக்குக் கூரம் போயிருந்தாள். நான் முன்னறையில் ஒரு நூலின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கும் காப்பி வரவில்லையே என்று பின்னறைக்குப் போனேன். அவள் இயந்திரத்தின் முன் அமர்ந்தபடியே இருந்தாள். பாதம் மிதியில் இருந்தது. காதில் இயர்போன் இருந்தது, கைபேசி பூட்டியிருந்தது. இயர்போனை எடுத்து என் காதில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். அவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். வந்தவர்கள் எல்லோரும் "நின்னு போச்சு" என்றார்கள்: இதயம் நின்றுபோயிற்று, மூச்சு நின்றுபோயிற்று. எனக்கோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே இருந்தது. இயந்திரம் எப்போது, எப்படி ஓய்ந்தது? பாட்டின் நடுவில் நின்றிருந்தால் ஏதோ ஒன்று அவளைத் தாக்கியிருக்கிறது. அவள் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். பதினைந்து அடி தொலைவில் நான் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து, அவளே காலை ஓயவிட்டிருந்தால், அது வேறு. அந்த ஓசையைக் கேட்காமலிருக்க நான் அத்தனை நன்றாகப் பழகியிருந்தேன். தெருவில் அதைக் கேட்டிருக்கக்கூடியவர் ஒருவரே. அவரிடம் கேட்கத் துணிவு வரவில்லை. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

காரியங்கள் முடிந்த மறுநாள் மூன்று மணிக்கு முன்னறைச் சன்னல் வழியே பார்த்தேன். காது மேற்கே போனார். எங்கள் வீட்டருகே நிற்கவில்லை. அது இயல்பு, கேட்க ஒன்றும் இல்லை. பெல்ட்டைக் கழற்றி, இயந்திரத்தின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தேன். ஆனால் திரும்பி வருகையில், எங்கள் வரிசை அவருடைய செவிட்டுப் பக்கம் இருந்தபோது, நின்றார். வலக்காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டார். இடக்காதை எங்கள் சுவரில் வைத்தார். நல்ல வெயில். ஒரு பாட்டு ஓடும் நேரம் நின்றுவிட்டு, தலையை அசைத்துக்கொண்டு போனார்.

மறுநாளும் அவ்வாறே, அதற்கடுத்த நாளும். தெரு பார்த்தது. ஏகாம்பரம் மட்டும் என்னிடம் தணிந்த குரலில், "காதுக்கு ரிவர்ஸ் கியர் விழுந்துடுச்சு சார்" என்றார்; சொல்லிவிட்டு எங்கள் சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காது சன்னலருகே வந்தார். "டீச்சரம்மா இன்னிக்கு மெதுவா ஓட்டறாங்க சார்" என்றார்.

"அப்படியா" என்றேன். அதைவிடப் பொருத்தமான சொல் அப்போது எனக்குத் தமிழில் அகப்படவில்லை.

உடனே ஒரு விளக்கம் தயாரித்தேன். ஒரு காது மட்டும் உள்ளவர்களுக்கு ஓசை வரும் திசை தெரியாது. இது மருத்துவ உண்மை. யமுனாவின் தறி பொதுச்சுவரை ஒட்டி இருக்கிறது. அவள் பழைய பாட்டுகளைக் கேட்டு நெய்கிறாள். அந்த அதிர்வு எங்கள் சுவருக்கு வருகிறது. விளக்கம் குறைவற்றிருந்தது. அதை உறுதி செய்துகொள்ள மறுநாள் மூன்றேகாலுக்கு அடுத்த வீட்டுக்குப் போனேன். தறி வெறுமனே இருந்தது. குழியின் ஓரத்தில் யமுனா சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"தறில பாவு நூல் முடிஞ்சு அஞ்சு நாளாச்சு சார். புதுசு இன்னும் ஏத்தல" என்றாள். "பாட்டும் கேக்கறதில்ல சார். ஜாயின் பண்ண ஆளில்லாம ஒரு மாதிரி இருக்குது."

நன்றி சொல்லி வீடு திரும்பினேன். இயந்திரத்தின் மேல் வேட்டி அப்படியே இருந்தது. சற்று நேரம் அதன் எதிரில் நின்றேன். பிறகு முன்னறைக்குப் போகாமல் வாசலுக்குப் போனேன். காது அப்போதுதான் பிள்ளையாரைச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"அந்த வெள்ளிக்கிழமை," என்றேன், "போகும்போது நம்ம வீட்டுச் சுவர்ல நின்னீங்களா?"

"நின்னேன் சார். மூணேகால் இருக்கும். இந்தக் காது." வலக்காதைத் தொட்டுக் காட்டினார்.

அவரே செருப்பைக் கீழே வைத்தார். இரண்டு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பின் கையை எடுத்து, எங்கள் இரும்புக் கேட்டின் மேல் முட்டியால் தட்டத் தொடங்கினார். நடுத்தெருவில், வெயிலில், மூன்று நிமிடத்துக்கும் மேலாக அவர் தட்டினார். எனக்கு அசை பிரிக்காமல் எதையும் கேட்க வராது. தேமா, தேமா, புளிமா. மீண்டும் தேமா, தேமா, புளிமா. இடையில் ஒரு நீண்ட ஓய்வு. பிறகு கருவிளம் இரண்டு. திலகவதியின் பாட்டு ஒன்றை நான் முழுதாகக் கேட்டது அதுவே முதல் முறை. அது உற்பத்தி அன்று. கடைசித் தட்டு விழுந்தது.

"இங்க பாட்டு முடிஞ்சுது" என்றார். பிறகு மெதுவாக நான்கு முறை தட்டினார். "இந்த நாலு மிதி சும்மா. நூல் வெட்டறதுக்கு முன்னாடி மிதிப்பாங்க இல்ல, அது. அப்புறம் காலுக்கு ஓய்வு குடுத்துட்டாங்க."

"நின்னுதா..." என்று தொடங்கினேன்.

"நிறுத்துனாங்க சார்" என்றார் காது. "நின்னு போகல. அவங்களா நிறுத்துனாங்க."

ஒன்று தன்னால் நிகழ்வது. மற்றது ஒருவர் செய்வது. இந்த வேறுபாட்டை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பயன்பட்டது அன்றைக்குத்தான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். இரும்பு சூடாக இருந்தது.

அவர் குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு, எதையோ சொல்ல மறந்தவர்போல், "இப்போ பத்து நாளா அதே பாட்டைத்தான் எடுத்திருக்காங்க" என்றார். வலக்காதை அடைத்துக்கொண்டு, இடக்காதால் எங்கள் சுவரைக் கொஞ்சம் கேட்டார். "பரவால்ல. வேகம் வந்துடுச்சு."

தர்க்கம் கற்றவனுக்கு இது ஒரு சிக்கல். சாட்சி ஒருவர்; இதுவரை பொய்யே சொல்லாதவர். அவருடைய முதல் வாக்குமூலம் எனக்கு வேண்டும். அதில்லாமல் என்னால் அந்தப் பின்னறைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. இரண்டாவதைத் தள்ளினால் முதலாவதும் போய்விடும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

அன்றே ஒரு தாளில் அந்தப் பாட்டை வாய்பாட்டில் எழுதிக்கொண்டு யமுனாவிடம் போனேன். "தேமா தேமா புளிமா" என்பதை அவள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். மூன்றாம் முறை தொடையில் தட்டிக்கொண்டு படித்தாள். "ஐயோ சார், அஞ்சு பொண்ணுங்க பாட்டு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. பாட்டை என் கைபேசிக்கு அனுப்பினாள். அவளுடைய தறியில் அடுத்த வாரம் புதுப் பாவு ஏறியது.

நான் வேட்டியை எடுத்து, பெல்ட்டை மாட்டி, நூல் கோக்காமல், மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். இயர்போன் இல்லை, பாட்டைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தேன். யாப்பறிந்தவனின் கால் யாப்பை அறியாது என்பது விரைவில் விளங்கியது. சன்னலுக்கு வெளியே, மேற்கே போகும் காலடிகள் நின்றன. வலக்காதின் பக்கம்.

"சார், தாளம் தப்புது" என்ற குரல் வந்தது.

அரைமணி கழித்துத் திரும்பி வருகையில் மீண்டும் நின்றார். இம்முறை இடக்காதின் பக்கம். வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றார்.

"நீங்க எழுந்திருங்க சார். அம்மாவை ஓட்டச் சொல்லுங்க."

நான் எழுந்து, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி வைத்தேன். வேறொருவர் வந்து அமர வசதியாக இருக்கும் தொலைவுக்கு.

பொங்கலுக்குப் பிறகு காது தாமலில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அங்கே தெருவில் தறி இல்லையாம். நாள்தோறும் மூன்று மணிக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீர் இடப்பக்கம் வரும்படி கரையில் நடக்கிறாராம். அங்கங்கே நின்று தலையசைக்கிறாராம். தாமல்காரர்கள் அவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஏகாம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். டீச்சரம்மா நல்லா ஓட்டறாங்களா என்று கேட்டாராம்.

நான் இன்றும் மூன்று மணிக்குச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். தாளம் தப்புகிறது என்று எனக்கே இப்போது தெரிகிறது. பாட்டு முடிந்ததும் நான்கு மிதி சும்மா மிதித்து, நானாகவே நிறுத்துகிறேன். அதன் பிறகு ஒரு கணம் தெருவைப் பார்க்கிறேன், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நிற்கிறாரா என்று.